கீழ்த்தட்டு வைன்

ஞானசேகரம் பிரெஞ்சு வைன் தட்டுகளுக்குப் பின்னால் குந்தியிருந்தார். அறுபது வயது முழங்கால்கள் இரண்டும் கெஞ்சின. ஆனால் எழும்ப வழியில்லை. கடை வாசலில் சிவகரன் நின்று சப்பாத்துப் பனியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

நாளைக்குக் கோயில் பொதுக்கூட்டம். தலைவர் பதவிக்கு இவர்கள் இருவரும்தான் போட்டி. பதினொரு வருடம் பந்தி பரிமாறி, தேர் வடம் பிடித்து, இப்போதுதான் அந்தக் கதிரை ஞானசேகரத்தின் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்திருந்தது. போதாக்குறைக்கு, மது குடிப்பவனுக்கு மட்டுமல்ல, வாங்குபவனுக்கும் நிர்வாகத்தில் இடமில்லை என்ற விதியைப் போன வருடம் மேசையில் அடித்துக் கொண்டுவந்தவரே இவர்தான். வாய் சும்மா இருந்தால்தானே!

அவர் ஒரு சொட்டும் தொடாதவர். ஆனால் இன்று பின்னேரம் வேலையிடத்து மேலாளர் றொனால்டின் ஐம்பதாவது பிறந்தநாள் விருந்து. வெறுங்கையோடு போக முடியாது. அதற்காகத்தான் வீடிருக்கும் ஃபூருசெத்திலிருந்து சுரங்க ரயிலேறி, ஒஸ்லோவின் மறுகோடியான றோவாவுக்கு, தமிழ் முகம் ஒன்றும் தட்டுப்படாத கடை என்று நம்பி வந்திருந்தார்.

அப்படியென்றால் சிவகரன் பின்தொடர்ந்துதான் வந்திருக்கிறான். சந்தேகமே இல்லை.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் நாதஸ்வரம் வாசித்தது. மனைவி கனகேஸ்வரி.

“வாங்கியாச்சோ?”

“சத்தம் போடாதை. சிவகரன் நிக்கிறான்.”

“எங்கை?”

“வாசல்லை. உளவு பாக்க வந்திருக்கிறான்.”

“அப்ப மூஞ்சையை மூடுங்கோவன்!”

அவர் கழுத்துச் சால்வையை மூக்குவரை இழுத்து, ஜாக்கெட் தொப்பியைக் கண்வரை இறக்கினார். இப்போது முகம் மூடிய ஒருவர் போத்தல்களுக்கிடையே பதுங்கியிருந்தார். பக்கத்தில் நின்ற கிழவி கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். கடைப்பெண் எமிலியா நேரே இவரிடம் வந்தாள்.

“உதவி வேண்டுமா?” என்று நோர்வே மொழியில் கேட்டாள். ஏன் குந்தியிருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. அதுவே அவருக்குச் சந்தேகத்தைக் கூட்டியது.

“வைன்,” என்று கைக்கெட்டிய போத்தலைத் தொட்டார்.

எமிலியா சம்பந்தம் பேச வந்த தரகரைப் போலத் தொடங்கினாள். “நல்ல தெரிவு! நாலு தலைமுறையாக ஒரே குடும்பம். சொந்தத் தோட்டம். இப்போது தகப்பனும் இரண்டு மகள்மாரும் பார்க்கிறார்கள். மூன்று வகைத் திராட்சையைக் கலந்து—”

“மெதுவாகப் பேசுங்கள்!”

காது கேளாதவர் என்று நினைத்தாளோ என்னவோ, இன்னும் உரக்கத் தொடங்கினாள். “மூன்று வகைத் திராட்சை! ஆட்டிறைச்சிக்கு நல்ல பொருத்தம்!”

அவளது வாயை மூடவைக்க, அவர் போத்தலைப் பறித்து ஜாக்கெட்டுக்குள் செருகினார்.

“ஐயா, முதலில் பணம் கட்ட வேண்டும்!”

கடை முழுவதும் திரும்பியது. தட்டின் முனையில் சிவகரன்.

“அண்ணை? நீங்களோ?”

“ஓம் தம்பி. குளிருக்கு ஒதுங்கினனான்.”

“நானும் அதுக்குத்தான்.” அவனுடைய கண் ஜாக்கெட்டின் வீக்கத்திலேயே நின்றது.

“குளிருக்கு ஒதுங்க ஃபூருசெத்திலையிருந்து இவ்வளவு தூரமோ?”

“நீங்களும் அங்கையிருந்துதானே அண்ணை வந்தனீங்கள்?”

ஞானசேகரம் ஜாக்கெட்டை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டார். சிவகரன் அவரை மேலும் கீழும் பார்த்தான். “சரி, நாளைக்குக் கூட்டத்திலை கதைப்பம்,” என்று வெறுங்கையோடு வெளியேறினான்.

போச்சு. பதினொரு வருட உழைப்பும் ஒரு போத்தலோடு போச்சு. இந்நேரம் கோயில் வாட்ஸப் குழுவில் செய்தி பறந்திருக்கும். பணம் கட்டும் இடத்தில் சால்வையை அவிழ்த்து, தொப்பியையும் பின்னால் தள்ளியபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. இனி மறைக்க என்ன இருக்கிறது?

எமிலியா அவருடைய திருநீற்றைப் பார்த்துக்கொண்டே போத்தலைப் பையில் வைத்தாள்.

“ஒன்று கேட்கலாமா? நெற்றியில் இந்த வெள்ளைப் பூச்சோடு வருகிற எல்லோரும் அந்தத் தட்டுக்குப் பின்னால் குந்தியிருந்து, கீழ்த்தட்டிலிருக்கும் இந்த வைனைத்தான் எடுக்கிறார்கள், அப்படி இதில் என்ன விசேஷம்? இப்போது போனவர்தான் பாவம், ஒவ்வொரு சனியும் வருபவர், இன்றைக்கு அவருடைய இடத்தில் நீங்கள் இருந்துவிட்டீர்கள்.”