டெல்ராய்க்கு ஒரு காவலன்

"முதல்ல பந்து எறியறவன். அவன் கிடைச்சா மத்ததெல்லாம் அப்புறம். இதுல என்னய்யா யோசனை?" என்றார் பயிற்சியாளர் ஸ்டோபர்ட்.

டோலிடோவின் அமெரிக்கக் கால்பந்து அணி மேலாளர் வெண்டெலுக்கு யோசனை இல்லை, பயம். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராகப் பொறுக்கும் நாள் அது. இந்தத் தடவை தப்பினால் மூட்டையைக் கட்டு என்று முதலாளியம்மா சொல்லியாகிவிட்டது. பந்தெறிவதில் காலஹன் என்ற பையன்தான் கெட்டி. ஆனால் அவனை எடுத்தால் டெல்ராயை வீட்டுக்கு அனுப்பவேண்டும். விரல் முறிந்த கையோடு எறிந்து இந்த அணியைக் கரையேற்றியவன் டெல்ராய்.

அந்த நேரம் பார்த்து அவனே போன் செய்தான்.

"சார், ஒரு விஷயம்..."

"தெரியும் தம்பி, தெரியும்!" வெண்டெலுக்கு வாய் முந்திக்கொண்டது. "உன் இடப்பக்கம் நின்னு, அடிக்க வர்றவனைத் தடுக்க மலை மாதிரி ஒரு ஆளை எடுக்கறோம். உனக்காகத்தான்!"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஓசை. "எனக்காகவா சார்? ரொம்ப நன்றி."

"என்ன காரியம்யா பண்ணே!" ஸ்டோபர்ட் கத்தினார்.

"கத்தாதே. நம்ம முறையைப் பின்னாடி இருக்கற அணிக்குக் குடுத்துட்டு அவங்க முறையை வாங்கிப்போம். அதுக்கு ஈடா அடுத்த வருஷம் இன்னொரு ஆளும் கூடுதலா எடுக்கலாம்."

அப்படியே மாற்றிக்கொண்டார்கள். நடுவில் வேறு யாராவது காலஹனைக் கொத்திக்கொண்டு போனால் பழி தன்மேல் விழாது என்பது வெண்டெலின் உள்கணக்கு.

யாரும் கொத்தவில்லை. ஓர் அணி ஓட்டக்காரனை எடுத்தது, இன்னொன்று பந்து பிடிப்பவனை. மிச்ச அணிகள் பேர்போன தடுப்பாட்டக்காரர்களை எல்லாம் வாரிக்கொண்டன. காலஹன் மட்டும் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"நமக்குன்னே விட்டு வச்சிருக்கானுங்கய்யா!" ஸ்டோபர்ட் குதித்தார்.

டி.வி.யில் டெல்ராய் வந்தான். வீட்டு வாசலில் நிருபர் கூட்டம். "முதல் தடவையா என்னை நினைச்சு ஒரு ஆளை எடுக்கறாங்க. எங்க மேலாளர் தங்கமான மனுஷன்."

அடுத்த நொடி முதலாளியம்மா போனில் வந்தாள். "யாருய்யா அந்தத் தங்கம்?"

"நான்தாம்மா."

"காலஹனை விட்டீங்க, நாளைக்குத் தங்கம் தெருவுலதான் கிடக்கும்."

கடிகாரம் ஓடியது. திரையில் டெல்ராய் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். வெண்டெல் அவனைப் பார்த்தார். மிச்சமிருந்த ஒரே பெரிய உடம்புக்காரன், அயோவா பண்ணைப் பையன் ஹூக்ஸ்ட்ராவின் பெயரைச் சொன்னார்.

ஸ்டோபர்ட் தொப்பியைக் கழற்றிக் காப்பிக்குள் எறிந்தார். அடுத்த அணி அப்போதே காலஹனைத் தூக்கிவிட்டது.

"வேலை போனா போகட்டும்யா," என்றார் வெண்டெல். "டெல்ராய் நமக்குச் செஞ்சதுக்கு இதாவது செய்யவேண்டாமா?"

மறுபடி போன். டெல்ராயின் மனைவி யோலாண்டா.

"நன்றியெல்லாம் எதுக்கும்மா..."

"நன்றியா? சண்டை போடக் கூப்பிட்டேன் சார்! முட்டி போச்சு, இனிமே ஆடல, எனக்குப் பதிலா காலஹனை எடுத்துக்குங்கன்னு சொல்லத்தான் இந்த மனுஷன் உங்களுக்குப் போன் போட்டாரு; இப்ப நீங்க காட்டின பாசத்துக்கு இன்னும் ரெண்டு வருஷமாவது ஆடியே தீரணும்னு முட்டியில ஐஸை வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு!"