போடி வெயிலில் ஒரு குளிர்நாட்டுக் குடும்பம்

“நீர்நில உயிரினப் பாதுகாவலர், இயற்கை நேசர், அரிய இனப்பெருக்க ஆலோசகர்.” போடியில் முத்துக்கிருஷ்ணனின் விசிட்டிங் கார்டு இப்படிச் சொல்கிறது.

அபூர்வப் பிராணி வளர்ப்பவர் என்றொரு இனம் உண்டு. உங்கள் தெருவிலும் இருக்கும். நாய் வளர்ப்பவர் நாயின் பெருமையைப் பேசுவார். இவர் உங்கள் குறையைப் பேசுவார். செருமாதீர்கள், நிழல் விழுகிறது, கண்ணாடியைத் தொடாதீர்கள். முத்துக்கிருஷ்ணன் வளர்ப்பது நியூட், பல்லியின் உடம்பும் தவளையின் குணமும் கொண்டு குளிர்ந்த தண்ணீரில் கிடக்கும் பிராணி. அதைப் போடி வெயிலில் குடிவைத்தால் அறைக்கு ஏசி வேண்டும், ஏசி ஓயும்போது தொட்டியில் மிதக்க ஐஸ் பாட்டில் வேண்டும், பாட்டில்கள் உறைய முழு ஃப்ரிட்ஜும் வேண்டும். மனைவி கார்த்திகாவின் இட்லி மாவு வெளியே நின்று புளித்தது.

அவள் அண்ணன் பால்சாமி ஒருநாள் தொட்டிமுன் குந்தி வெகுநேரம் பார்த்தார்.

“என்ன மாப்ளே, அசையவே மாட்டேங்குது?”

“அது கல்லு. பல்லி பின்னால இருக்கு.”

“கல்லையே வளத்திருக்கலாம்ல. கரண்டு மிச்சம்.”

ஒருவழியாகப் பெண் நியூட் முட்டையிட்டது. தாயே தின்றுவிடும் என்று முட்டைகளைத் தனித்தொட்டிக்கு மாற்றினார். பொரித்தால் நாட்டிலேயே முதல்முறை என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்று. பொரிக்காவிட்டால் பால்சாமியின் முகத்தில் விழிக்க முடியாது. இந்த நேரத்தில் குழாய்த் தண்ணீரா? குளோரின். கேன் தண்ணீரா? செத்த தண்ணீர். தூய்மைக்கு மலைதானே? போடிமெட்டுக்கு மேலே, தன் ஏலக்காய்த் தோட்டத்தின் அடியில் ஓடும் ஓடையில் தண்ணீர் பிடித்து, ஜீப்பில் இறக்கி, முட்டைத்தொட்டியில் தாயின் கனிவோடு ஊற்றினார்.

காலையில் முட்டைகள் அத்தனையும் வெளுத்துக் கிடந்தன.

“ஏங்க, முந்தாநாள் தோட்டத்துல மருந்தடிக்கச் சொன்னீங்கல்ல?” என்றாள் கார்த்திகா.

“அது தண்டுப்புழுவுக்கு.”

“புழுவுக்கு மட்டும்னு ஓடைக்குச் சொல்லிவிட்டீங்களா?”

அவர் தொட்டியிலிருந்த ஆண் நியூட்டை முறைத்தார். “ஆண் சரியில்ல. வம்சக் கோளாறு.”

அந்த ஓடையிலும் தவளைகள் இருந்தன. சொந்த ஊர்க்காரத் தவளைகள், அதனால் அவற்றுக்காக யாரும் கார்டு அடித்துக்கொள்ளவில்லை.

சிரிக்கிறீர்கள். மாடியில் சிட்டுக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிட்டு, ரோஜாச் செடிக்குப் பூச்சிமருந்து தெளிப்பவர் நீங்கள் இல்லையே?

முத்துக்கிருஷ்ணன் அந்த வாரமே புதிதாக ஓர் ஆண் நியூட் வரவழைத்தார். தோட்டத்துக்கு அடுத்த சுற்று மருந்தடிக்க ஆளும் அனுப்பினார்.