மாலை போட்டு அழைத்து வந்த நோட்டீஸ்

கணக்கு வாத்தியார் வீடு வாங்கினால் கணக்குத் தப்பாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. அதைத் தனி ஆளாகக் கெடுத்தவன் நான்.

நானும் என் மனைவி செல்வியும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்கள். சொந்த வீட்டில் அவளுக்கு ஒரே ஒரு ஆசை, ஒரு ஹால். லயத்தில் யார் வந்தாலும் வாசலையொட்டிய இஸ்தோப்பில், அந்தத் திறந்த திண்ணையில்தான் உட்கார வைக்க வேண்டும்; சாரலடித்தால் விருந்தாளியும் நனைவார், தேத்தண்ணியும் நனையும். லிந்துலையில் ரோட்டோரமாக விலைக்கு வந்த வீட்டின் முன்ஹாலைப் பார்த்ததும் அவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

நான் ஒன்றும் சும்மா வாங்கிவிடவில்லை. மழை நாளாகப் பார்த்துப் போய்க் கூரை ஒழுகுகிறதா என்று பார்த்தேன். சுவரைத் தட்டினேன். குழாயைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் நின்றேன் (நான் குளிக்க வந்தவன் என்று பக்கத்து வீட்டுக்காரர் நினைத்தாராம்). வீட்டு உறுதிப் பத்திரம் எழுதிய நொத்தாரிசு மட்டும் ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னார்: “பிரதேச சபைக்குப் போயி, கட்டடத்துக்கு அனுமதி இருக்கா, நோட்டீஸ் ஏதும் கெடக்கான்னு கேட்டுருங்க மாஸ்டர்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. விற்றவர் முத்திரை குத்திய வரைபடத்தையே காட்டியிருந்தாரே. வரைபடத்தில் மூன்று அறைகள், வீட்டில் நான்கு. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கூட்டல் சொல்லிக் கொடுக்கிறவன் அதை எண்ணிப் பார்க்கவில்லை.

சபைக்குப் போகாமலும் இல்லை. வாங்கி முடித்து, பால் காய்ச்ச நாள் குறித்த பிறகு போனேன். தோட்டத்தில் ஒரு தண்ணீர்க் குழாயைத் திறந்தாலும் தோட்டத்தை நடத்தும் தொரைக்கு மாலை போட்டு ரிப்பன் வெட்டச் சொல்வது வழக்கம். சொந்த வீட்டுக்குத் தொரைக்கு எங்கே போவது? அதனால் கட்டட அனுமதிகளைப் பார்க்கும் அதிகாரியையே அழைத்தேன். அவருடைய கோப்பு அலமாரியில் சாய்ந்து நின்றுதான் அழைப்பிதழை நீட்டினேன். அதில் வீட்டு இலக்கம் கிடையாது. ‘செல்வி இல்லம்’ என்று நான் வைத்த புதுப் பெயர்தான் இருந்தது.

பால் காய்ச்சிய அன்று அவருக்கு மேளத்தோடு மாலை போட்டோம். கத்தரிக்கோலை வாங்கியவர் ஹாலையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ரிப்பனை விட்டுவிட்டு, ரோடு வரைக்கும் எட்டு வைத்து அளந்துவிட்டு வந்து என் காதருகே குனிந்தார்.

“மாஸ்டர், ரோட்டுக்கு விட வேண்டிய எடத்துல கட்டுன ஹாலு இது. ஒடைக்கச் சொல்லிப் பழைய ஆளுக்கு மூணு நோட்டீஸ் அனுப்பிட்டேன், பூட்டுன வீட்டுல வாங்க ஆளில்ல. இன்னைக்கு நீங்களே மாலை போட்டுக் கூட்டியாந்திருக்கீங்க.”

எனக்கு அவமானம்கூடப் பெரிதில்லை, செல்வியின் முகத்தைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. அவளுக்கும் கேட்டுவிட்டது. கண் கலங்கியிருந்தாலும் அவள்தான் பேசினாள்.

“ஒடைக்கிறத அப்புறம் பாத்துக்கலாம் சார். பால் பொங்கிருச்சு, சனம் பசியோட நிக்குது. ரிப்பனை வெட்டுங்க.”

வெட்டினார். வடையும் சாப்பிட்டார் (இரண்டாவது முறை கேட்டு வாங்கினார்). அடுத்த வாரம் நான்காவது நோட்டீஸ் வந்தது, இந்தத் தடவை என் பெயருக்கு.

இடித்தது போக மிஞ்சியது, வாசலையொட்டி நாலடி அகலத்தில் ஒரு துண்டு. ஒரு பெஞ்சு போடலாம். சாரலடித்தால் நனையும். இன்றைக்கும் யாராவது வந்து அதில் உட்கார்ந்தால், செல்வி தேத்தண்ணியோடு இந்தக் கதையையும் கொண்டு வந்து வைப்பாள்.

“எல்லாரும் லயத்துல இருந்து சட்டி பானையத்தான் தூக்கிட்டு வருவாங்க. எங்க மாஸ்டரு இஸ்தோப்பையே தூக்கிட்டு வந்துட்டாரு.”