இரண்டரைக்கு வராத அண்ணைக்கு

இயேசு மரி சூசை துணை

கொலோன்,
செவ்வாய்க்கிழமை, மத்தியானம்

என்னோடு கூடப்பிறந்தும் சொன்ன நேரத்துக்கு வராமல் விட்ட அண்ணை வின்சன்ற் அவர்களுக்கு,

தம்பி யாகோப்பு எழுதிக்கொள்வது. மாதாவின் புண்ணியத்தில் இங்கே நானும் அன்ரனிற்றாவும் மகள் யூலியாவும் தடிமன், இருமல், குளிர்காய்ச்சலோடு இருக்கிறோம். அங்கே நீங்களும் அண்ணியும் மகன் எமிலும் காய்ந்த உடுப்போடு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் சுகத்தை அறிய எனக்கு ஆவல் கிடையாது. என்றாலும் கடிதம் என்றால் முதலில் சுகம் கேட்க வேண்டும் என்று நம் இருவருக்கும் அம்மா பழக்கிவிட்டபடியால் கேட்கிறேன். சுகமா?

எட்டு வருடமாக நாம் பேசுவதில்லை என்பது இரண்டு நாட்டுச் சனத்துக்கும் தெரியும். யூலியா கோயிலில் முதல்நன்மை வாங்கிய அன்றைய விருந்தில் நான் நன்றியுரை சொன்னேன். சமையல்காரருக்கு நன்றி சொன்னேன், படம் எடுத்தவருக்கு நன்றி சொன்னேன், மண்டபத்தைத் திறந்து பூட்டுகிற ஹௌஸ்மைஸ்ரருக்கு இரண்டு தரம் நன்றி சொன்னேன். அந்த மனிதருக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. ஸ்கொட்லாந்திலிருந்து விமானம் ஏறி வந்து முன்வரிசையில் இருந்த உங்கள் பெயரை மட்டும் விட்டுவிட்டேன். நீங்கள் கேக் வெட்டுவதற்கு முன்னமே எழும்பிப் போனீர்கள். வேண்டுமென்று விடவில்லை, அண்ணை. கூடப்பிறந்தவனுக்கு யாராவது நன்றி சொல்வார்களா என்று நினைத்திருப்பேனோ என்னவோ. அதற்குப் பிறகு நீங்கள் போன் எடுப்பீர்கள் என்று நானும், நான் எடுப்பேன் என்று நீங்களும் இருந்து இருந்தே எட்டு வருடம் ஓடிவிட்டது. இந்த வைகாசியில் உங்களுக்கு இருதய அடைப்புக்கு நெஞ்சுக்குள் கம்பி வைத்தார்கள் என்ற செய்தியை யூலியாதான் சொன்னாள்; அவளும் உங்கள் எமிலும் போனில் எழுதிக் கதைத்துக்கொள்வார்களாம், நமக்குத்தான் தெரியாது. அன்று நான் வேலைக்குப் போனேன், ஆனால் ஒரு வேலையும் ஓடவில்லை.

பிறகு பிள்ளைகள் இருவருமே எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தார்கள். உங்கள் வீட்டுக்கு நாங்கள் வந்தால் எனக்கு மானக்கேடு, எங்கள் வீட்டுக்கு நீங்கள் வந்தால் உங்களுக்கு மானக்கேடு, ஆகவே ஸ்ரேர்லிங் என்ற பழைய பட்டினத்தில் சந்திப்பது என்று எமில் சொன்னானாம். கோட்டை இருக்கிறது, கோபுரம் இருக்கிறது, பழைய சிறைச்சாலை இருக்கிறது, குடும்பமாகப் போய்ப் பார்க்க நல்ல இடம், அப்பாவும் சித்தப்பாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் திருப்பிய பக்கத்தில் பார்க்க ஏதாவது இருக்கும் என்றானாம். சனிக்கிழமை காலையில் உங்களுக்கு வேலை என்பதால் பின்னேரம் கோட்டை வாசலில் அரசனுடைய சிலைக்குக் கீழே சந்திப்பு. நேரத்தை எமில் இங்கிலீசில் எழுதி அனுப்பினான், யூலியா அதை ஜெர்மன்காரி மாதிரி டொச்சில் விளங்கிக்கொண்டாள், எனக்குத் தமிழில் "ரண்டரைக்கு, அப்பா" என்று சொன்னாள். அந்தச் செய்தி இன்னும் அவளுடைய போனில் இருக்கிறது. எழுத்தில் தந்ததை நீங்கள் மறுக்க ஏலாது.

நாங்கள் எவ்வளவு ஆயத்தத்தோடு வந்தோம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அன்ரனிற்றா அரிசி ஊறப்போட்டு, இடித்து, உங்களுக்குப் பிடித்த அரியதரம் முப்பது சுட்டு ஒரு டப்பாவுக்குள் அடுக்கினாள். விமான நிலையத்தில் அந்த டப்பாவை மட்டும் தனியாக எடுத்துவைத்து, கையுறை போட்ட ஒரு பெண் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, இது என்ன கல்லா என்று கேட்டாள். அன்ரனிற்றாவுக்கு வந்த கோபத்தில் ஒன்றை எடுத்து அவளுடைய வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள். அங்கே இருபது நிமிடம். முப்பது இருபத்தொன்பது ஆனது அப்போதுதான். அந்தப் பெண் மற்றவர்கள் பார்க்காத நேரம் தின்றுவிட்டு நல்லாயிருக்கு என்று சொன்னாள்.

சனிக்கிழமை காலையில் முதலில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மலையில் நிற்கிற கோபுரம். எமில் எழுதித் தந்த பட்டியலில் முதலாவது அது. இருநூற்று நாற்பத்தாறு படி, அண்ணை. வளைந்து வளைந்து போகிற கல்படி, ஒருவர் ஏறினால் இறங்குகிறவர் சுவரோடு ஒட்ட வேண்டும். அன்ரனிற்றா டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினாள், மேலேயிருந்து ஒரு பெருத்த மனிதர் இறங்கினார், நூற்றுப்பத்தாவது படியில் இருவரும் டப்பாவும் இறுகி நின்றார்கள். அவர் மூச்சை உள்ளே இழுத்தால் இவள் மூச்சை விட வேண்டும், இவள் இழுத்தால் அவர் விட வேண்டும். கீழே பள்ளிக்கூடப் பிள்ளைகள் முப்பது பேர் காத்து நின்றார்கள். ஒருவழியாக உச்சிக்குப் போனால் வெள்ளை வெளேரென்று பனிப்புகார். என் கையை நீட்டினால் என் கை தெரியவில்லை. அங்கே நின்ற உத்தியோகத்தர் மிகவும் அன்பாக, வெளிச்சமான நாளில் இங்கிருந்து பார்த்தால் மலையெல்லாம் தெரியும், ஆறு தெரியும், கோட்டை தெரியும் என்று ஒவ்வொரு திசையாகக் கையைக் காட்டினார். நாங்களும் ஒவ்வொரு வெள்ளையாகப் பார்த்துத் தலையாட்டிவிட்டு இறங்கினோம்.

இறங்கியதும் மழை. ஜெர்மனியில் மழை மேலேயிருந்து பெய்யும். உங்களுடைய ஊர் மழை பக்கத்தாலே வந்து காதுக்குள் போகிறது. குடை பிரித்த உடனே முறிந்தது. ஆனால் அன்ரனிற்றா முன்யோசனைக்காரி, வீட்டிலிருந்து பெரிய நீலக் குப்பைப் பைகளைக் கொண்டுவந்திருந்தாள். அடியில் ஓட்டை போட்டுத் தலையை விட்டு, இன்னொன்றைக் கிழித்துத் தலைக்கு முக்காடு கட்டி, மூன்று பேரும் நீலப் பைகளாக நடந்தோம். யூலியா எங்களிலிருந்து ஐம்பது மீற்றர் தள்ளியே வந்தாள். சீனத்துச் சுற்றுலாக்காரர் சிலர் நாங்கள் ஏதோ பட்டினத்து விசேஷம் என்று நினைத்து எங்களோடு நின்று படம் எடுத்தார்கள். நானும் சிரித்தேன். இன்றைக்கு அண்ணையைப் பார்க்கப் போகிறேன் என்ற சந்தோசத்தில் எதற்கும் சிரிக்கிற மாதிரித்தான் இருந்தேன்.

அடுத்தது சிறைச்சாலை. உள்ளே போனதும் தொப்பியும் சாவிக்கொத்துமாக ஒருவன் பாய்ந்து வந்து பெயரென்ன, ஊரென்ன, என்ன குற்றம் செய்தாய் என்று என்னைப் பார்த்துக் கத்தினான். நடிகனாம். அந்தக் காலத்துச் சிறைக்காவலாளி வேசமாம். எனக்கு எப்படித் தெரியும்? சீருடை போட்ட ஒருவன் பெயரும் ஊரும் கேட்டால் என் கை தானாகச் சட்டைப் பைக்குள் போகும். நான் இந்தப் பக்கம் வந்த நாளிலிருந்து அந்தக் கை அப்படித்தான். நீலப் பையைக் கிழித்துக் கையை வெளியே எடுத்து, பாஸ்போட், வேலையிடத்துக் கடிதம், விவாகப் பத்திரத்தின் பிரதி, பழைய அகதி அட்டையின் பிரதி எல்லாவற்றையும் அவனுடைய கையில் அடுக்கினேன். அவன் பாவம், வேசத்தை மறந்து "சேர், சேர்" என்று பின்வாங்கினான். சுற்றி நின்றவர்கள் இதுவும் நாடகத்தில் ஒரு பகுதி என்று கைதட்டினார்கள். அப்போது உங்கள் பெறாமகள் யூலியா முன்னால் வந்து, என் குற்றத்தைத் தான் சொல்வதாக இங்கிலீசில் சொன்னாள். "இவர் எல்லாருக்கும் நன்றி சொல்லிப்போட்டுச் சொந்த அண்ணனின்ர பேரை மறந்திட்டார்" என்றாளாம். ஐம்பது பேர் ஒன்றாக "ஊ" என்று கத்தினார்கள். காவலாளிக்கு உடனே உசார் வந்துவிட்டது. அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கும்வரை விடுதலை கிடையாது என்று தீர்ப்புச் சொன்னான்.

"ஏன் பிள்ளை இப்பிடி மானத்தை வாங்கினனீ?" என்று வெளியே வந்து கேட்டேன்.

"உண்மையைத்தானே சொன்னனான், அப்பா. நீங்கள் பெரியப்பாட்டயும் இதைத்தானே சொல்லப் போறீங்கள்?"

ஓம், அண்ணை. அதைச் சொல்லத்தான் வந்தேன். விமானத்தில் வரும்போது மனத்துக்குள் பாடமாக்கிக்கொண்டு வந்தேன்.

இரண்டு இருபத்தெட்டுக்கு அரசனுடைய சிலைக்குக் கீழே நின்றோம். முப்பத்திரண்டு வருட வேலையில் ஒரு நாளும் பிந்தாதவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டரை ஆனது. நீங்கள் வரவில்லை. இரண்டே முக்கால். ஒருவன் பாவாடை கட்டிக்கொண்டு பைக்குழல் ஊதினான், முடித்தான், அதையே திரும்ப ஊதினான். மூன்று மணி. வெளிநாட்டில் போனில் இன்ரநெற் போடக்கூடாது என்று நான் சட்டம் போட்டிருந்தபடியால் யூலியா எமிலுக்கு எழுதவும் ஏலாது. ஒரு கடற்பறவை வந்து டப்பாவின் மூடியைத் தட்டி இரண்டு அரியதரத்தைக் கொண்டுபோனது. மிச்சத்தை அதற்குக் கொடுப்பதா என்று நானும் ஒன்று எடுத்தேன், பசியில் அன்ரனிற்றாவும் எடுத்தாள், யூலியாவும் எடுத்தாள், பிறகு ஒன்றன்பின் ஒன்றாக. உங்களுக்கென்று சுட்டதைச் சிலைக்குக் கீழே நின்று ஈரத்தோடு தின்றோம். கடைசி ஒன்றைக் கோபத்தில் நானே தின்றேன். மூன்று இருபது.

"இஞ்சருங்கோ, இன்னும் பத்து நிமிசம் நிண்டு பாப்பம்" என்றாள் அன்ரனிற்றா. "பெரியத்தான் வராமல் விடமாட்டார்."

"ஏலாது. ரண்டரை எண்டால் ரண்டரைதான்."

"ஸ்ரேசனிலை றெயின் அரைமணிக்கு ஒண்டு இருக்குத்தானே. பிளைற்றும் நாளைக்குத்தான்."

"றெயின் இருக்கும். எனக்கு மானமும் இருக்கு."

இறங்கி நடந்தோம். மழைக்கு மூவரும் தலையைக் குனிந்தபடி. அந்த ஒடுங்கிய இறக்கத்தில் பச்சைக் கட்டம் போட்ட குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அவசரமாக ஏறிவந்த ஒருவன், குடைக்கம்பியால் என் கண்ணைத் தோண்டப் பார்த்தான். இருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து, உனக்குக் கண் தெரியாதா மனிசா என்று டொச்சில் கத்தினேன். அவன் குடைக்குள்ளிருந்தே "சொறி, சொறி" என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்க மேலே ஓடினான். உங்களுடைய நாட்டில் நான் பேசிய கடைசி ஆள் அவன்தான்.

வீட்டுக்கு வந்ததும் யூலியாவின் போனை வாங்கி அலுமாரியில் பூட்டிவிட்டேன். இனி அந்தக் குடும்பத்தோடு ஒரு சொல்லும் வேண்டாம் என்றேன். மூன்று நாளாக அவள் என்னோடு டொச்சில் மட்டும் பேசுகிறாள், அதுவும் மரியாதைப் பன்மையில். அண்ணை, எனக்கு ஐம்பத்தெட்டு வயது. நீங்கள் நெஞ்சுக்குள் கம்பியோடு இருக்கிறீர்கள். இனி எத்தனை எட்டு வருடம் இருக்கிறது நமக்கு? அந்தச் சிலைக்குக் கீழே நின்றபோது, நான் உங்கள் பெயரை மறந்த அன்று நீங்கள் எப்படி இருந்திருப்பீர்கள் என்று எனக்கு விளங்கியது. அதற்காகத்தான் வராமல் விட்டீர்கள் என்றால், பழி தீர்ந்தது. இனி நீங்கள் அண்ணையும் அல்ல, நான் தம்பியும் அல்ல. இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

அண்ணிக்கு எங்கள் அன்பு. எமிலுக்கு மாதாவின் ஆசீரும் நல்ல புத்தியும் கிடைக்கட்டும். உங்களுக்கு, மருந்தை நேரத்துக்குப் போடவும். நேரம் என்றால் என்னவென்று தெரிந்தால்.

இப்படிக்கு,
முன்னாள் தம்பி
யாகோப்பு

பி.கு.: அண்ணை, மேலே உள்ளதை வாசித்துவிட்டீர்களா? உறைக்கு உங்கள் விலாசம் வேண்டியிருந்தது. அது யூலியாவின் போனில் மட்டும்தான். அலுமாரியைத் திறந்து கொடுத்தேன். போன் உயிர் வந்ததும் ரிங், ரிங் என்று இருபத்தாறு தரம் அடித்தது. எல்லாம் எமில்.

எமில் எழுதிய நேரம் "ஹாஃவ் த்ரீ". டொச்சில் "ஹால்ப் ட்ரை" என்றால் மூன்றுக்குப் போகிற வழியில் பாதி, அதாவது இரண்டரை. கொலோனில் பிறந்த பிள்ளை அப்படித்தான் விளங்கிக்கொண்டாள். உங்கள் ஊரில் அது மூன்றரையாம். தமிழிலும் மூன்றரைதான். நாம் இருவரும் ஒரு நிமிடம் தமிழில் பேசியிருந்தால் போதும், அண்ணை.

முதல் செய்தி மூன்று இருபத்து நான்குக்கு, ஒரு படத்தோடு. "அப்பா நேரத்துக்கு முன்னமே வந்திட்டார், ஒரே பதட்டம்" என்று எழுதியிருக்கிறான். உங்களுக்கு முன்னால் ஓடி ஏறி, மேலே நின்று கீழே பார்த்து எடுத்த படம். ஏற்றத்தில் நீங்கள் ஏறி வருகிறீர்கள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, தலை முழுக்க நரைத்து. கையில் பச்சைக் கட்டம் போட்ட குடை. உங்களுக்குப் பின்னால், தூரத்தில், மூன்று நீலக் குப்பைப் பைகள் இறங்கிப் போகின்றன.

மிச்சச் செய்திகளை யூலியா எனக்குத் தமிழில் வாசித்தாள். நாலு மணிக்கு: "அப்பா சொல்றார், அவன் ஒருநாளும் பிந்தமாட்டான், ஏதோ நடந்திருக்கு எண்டு." ஐந்து மணிக்கு: "அப்பா காருக்கு வரமாட்டன் எண்டுறார்." ஐந்தரைக்கு: "இப்பதான் ஏறினவர்." நான் ஐம்பது நிமிடம் நின்றதற்கு இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். நீங்கள் இரண்டு மணித்தியாலம் நின்றுவிட்டு ஒன்றும் எழுதவில்லை.

இதைக் கிழிக்கத்தான் எடுத்தேன். எட்டு வருடத்தில் உங்களுக்கு எழுதிய முதல் கடிதம், கிழிக்க மனம் வரவில்லை. "அனுப்புங்கோ, பெரியத்தான் வாசிச்சுச் சிரிக்கட்டும்" என்கிறாள் அன்ரனிற்றா; அவள் குசினியில் திரும்பவும் அரிசி ஊறப்போட்டுவிட்டாள். வருகிற மாதம் முதல் சனிக்கிழமை, அதே சிலைக்குக் கீழே. இலக்கத்தில் எழுதுகிறேன்: 15.30, உங்கள் மணிக்கூட்டில். அந்தக் குடையைக் கொண்டு வாருங்கள். கண் தெரியாதவன் நான்தான். ஏற்றத்தில் ஓட வேண்டாம், ஆறுதலாக நடந்து வாருங்கள், மூன்றரைக்கு வந்தால் போதும். நான் இரண்டரைக்கே வந்து நிற்பேன்.

தம்பி