பீரோ அண்ணனுக்கு ஒரு மலிவு விலை வீடு

மதுரையில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் இரண்டே வகை. பீரோ அண்ணனிடம் திட்டு வாங்கியவர்கள், இனிமேல் வாங்கப் போகிறவர்கள். பழங்காநத்தத்தில் ‘குட்டி யானை’ வண்டி வைத்து, வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது அவர் தொழில். “பீரோ நுழையலைன்னா அது வீடில்ல மாப்ள, தீப்பெட்டி” என்பார்.

அப்போது நான் நகர அலுவலகம் ஒன்றின் வீட்டுவசதிப் பிரிவில் தற்காலிக எழுத்தர். மலிவு விலை அடுக்குமாடி வீடுகளைப் பற்றி மக்களுக்கு விளக்க, பழங்காநத்தத்தில் பந்தல் போட்டுக் கூட்டம் நடத்தினோம். மலிவு விலை வீடு என்றால் என்ன, எத்தனை சதுர அடி, எவ்வளவு வருமானம் உள்ளவர்களுக்கு என்று எங்கள் அதிகாரி மைக்கில் அரை மணி நேரம் விளக்கினார். அதோடு விட்டிருக்கலாம். “சந்தேகம் இருந்தா கேளுங்க” என்றார்.

பீரோ அண்ணன் எழுந்தார். “மாடிப்படி திருப்பத்துல பீரோ திரும்புமா சார்?”

“எல்லாம் விதிப்படிதான் கட்டியிருக்கு.”

“விதி கெடக்கட்டும் சார். பீரோ திரும்புமா?”

பந்தலே கைதட்டியது. அதிகாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாளே உசிலம்பட்டி சாலையில் கட்டி முடித்திருந்த குடியிருப்புக்கு அண்ணனை ஒரு பீரோவோடு வரச் சொன்னார். கீழ் முனையை அண்ணனும் நானும் தூக்கினோம். மேல் முனையை அதிகாரியே பிடித்தார். முதல் திருப்பத்தில் பீரோ சிக்கியது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மேலே அதிகாரி, கீழே ஊர்.

“திரும்பிருச்சா சார்?”

“யோவ், என்னைய மொதல்ல கீழ எறக்குங்கய்யா!”

பீரோவுக்கு மேலே இருந்த சந்து வழியாக அவருக்கு டீயும் வடையும் போயின. கடைசியில் கைப்பிடிக் கம்பியை அறுத்துத்தான் அவரை மீட்டோம். ஆனாலும் நல்ல மனுஷன். அடுத்துக் கட்டவிருந்த கட்டடத்துக்குப் படியை அகலமாக்கச் சொல்லி, அன்றே தன் கைப்பட எழுதினார். படியும் அகலமானது.

அந்தக் கட்டடத்துக்கு மனு வாங்கும்போது, “நீங்க போடலையாண்ணே?” என்றேன்.

அண்ணன் தலையைச் சொறிந்தார். “முன்னாடியே ஒருக்கா போட்டேன் மாப்ள. முகவரிங்கிற எடத்துல வண்டி நம்பர எழுதுனேன். திருப்பி அனுப்பிட்டாங்க.”

ஊருக்கே வீடு மாற்றியவர், இத்தனை காலமும் வண்டியிலேயே படுத்துக் கிடந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போய் அதிகாரியிடம் சொன்னேன். அவர் நேரில் வந்து, வண்டிக்குள் விரித்திருந்த பாயைப் பார்த்தார். “இந்த ஆளுக்கா வீடில்ல?” என்றவர், வண்டியின் மேலேயே மனுவை வைத்துப் பரிந்துரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டாம் மாடியில் வீடு கிடைத்தது. அண்ணனின் சாமான்கள் ஒரு பாய், ஒரு அடுப்பு, இரண்டு சட்டி, ஒரு பிளாஸ்டிக் வாளி. அவற்றைத் தூக்க, அவர் எப்போதோ வீடு மாற்றிவிட்ட குடும்பங்கள் எல்லாம் திரண்டு வந்து வண்டியைச் சுற்றி நின்றன. ஆளுக்கொன்றைப் பறித்துக்கொண்டு ஓடினார்கள். “மெல்லப் போங்கய்யா, மெல்ல!” என்று வாளி தூக்கியவரை அண்ணன் அதட்டினார்.

நான் போய்ச் சேர்ந்தபோது வண்டியில் மிச்சமிருந்தது அவருடைய பழைய செருப்பு மட்டும்தான். இரண்டு கையாலும் அதை ஏந்திக்கொண்டு மாடி ஏறினேன்.