கொள்ளடித்த கார்

பாப்பாரப்பட்டி,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை, வழக்கறிஞர் அறிவழகன் அவர்களுக்கு மாமனார் பச்சியப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தை பானுமதியும் மாடும் கன்றும் சுகமாக இருக்கிறோம். அங்கு நீங்களும் மலர்விழியும் அவ்வாறே இருக்க ஆண்டவன் அருள் புரியட்டும். கார் மட்டும் அவ்வளவு சுகமில்லை. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

"மாமா, பழசு உங்ககிட்டயே இருக்கட்டுங்க" என்று புதுக் கார் வாங்கியபோது ஓசூரிலிருந்து கொண்டுவந்து விட்டீர்களே, அந்த வெள்ளைக் காரைச் சாக்குப் போட்டு மூடிக் கண்ணாகத்தான் வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை மூக்குக்கண்ணாடி மாற்றத் தருமபுரிக்குப் போனதுகூட பஸ்ஸில்தான், காரில் போனால் தூசு படும். பக்கத்துக் காட்டுச் சின்னராஜ் அன்றைக்குக் கொள்ளுச் செடியைத் தார் ரோட்டில் பரப்பியிருக்கிறான். போகிற வருகிற வண்டி ஏறி ஏறிக் கொள்ளு உதிர, அப்படிக் கொள்ளடிப்பது நம் பக்கத்து வழக்கம், உங்களுக்கே தெரியும். அன்றைக்கென்று நான் போன பிறகு பாலம் வேலைக்காகச் சாயங்காலம் வரை ரோட்டை அடைத்துவிட்டார்கள், ஒரு சைக்கிள்கூட வரவில்லை. மழை வேறு இருட்டிக்கொண்டு வந்ததாம். நேராக நம் வீட்டுக்கு வந்து, "அக்கா, கார் சாவிய எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டிருக்கிறான். மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்த உங்கள் அத்தை காது கேட்காமல் "ம்?" என்றிருக்கிறாள். அவன் அதை "ம்" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டான். சட்டப்படி ம் என்பது அனுமதியா, அல்லது இழுத்துச் சொன்னால்தான் செல்லுமா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பாரம் இருந்தால்தான் கொள்ளு உதிரும் என்று பெண்டாட்டி, மாமியார், யூரியா மூட்டை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு முன்னும் பின்னுமாக ஓட்டியிருக்கிறான். கொள்ளுக் கொடி அடியில் சுற்றி, சைலன்சர் சூட்டில் புகைய ஆரம்பித்ததும், மாமியார் போட்ட கூச்சலில் ரிவர்ஸ் எடுத்து ரோட்டோரம் இருந்த தன் மாட்டுத் தொட்டியிலேயே இடித்துவிட்டான். பம்பர் போச்சு, தொட்டியும் போச்சு. புகை எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பானட்டைத் திறந்து, தொட்டியில் மிச்சமிருந்த கழனித் தண்ணியை இன்ஜின் மேல் ஊற்றியிருக்கிறான். இப்போது காருக்குள் தவிட்டு வாசம். அன்றிலிருந்து அவன் மாடு நம் காரைப் பார்த்தால் கத்துகிறது.

சாயங்காலம் ஊர் திரும்பியதும் நியாயம் கேட்கப் போனேன்.

"ஏன்டா, யாரக் கேட்டுடா எடுத்த?"

"நல்லாருக்குதுண்ணா! போன வருசம் கோயிலுக்குப் போறப்ப எங்க கொள்ளு மேல காரு ஏத்திட்டுப் போனீங்களே, என்னையக் கேட்டா ஏத்துனீங்க? தொட்டிய ஒடச்சது உங்க வூட்டுக் காரு. ஆர்.சி. புக்கு யாரு பேர்ல இருக்குதோ அவருதான் தொட்டி வாங்கித் தரணும். சட்டம் அப்படித்தாண்ணா இருக்குது!"

ஆர்.சி. புக் உங்கள் பெயரில் இருக்கிறது மாப்பிள்ளை.

ஆத்திரத்தில் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, "சார், எங்க மாப்ள காரக் கொள்ளடிச்சிட்டாங்க!" என்றேன். அந்தப் பக்கம் இருந்தவர் காதில் அது 'கொள்ளையடிச்சிட்டாங்க' என்று விழுந்துவிட்டது. ஜீப் நிறைய போலீஸ் வந்து இறங்கி, எத்தனை பேர், என்ன ஆயுதம் என்று உங்கள் அத்தையைக் கேட்டார்கள். "மாமியாக்காரியும் இருந்தாங்க சார், கையில முறம் வெச்சிருந்தாங்க" என்றாள் இவள். திரும்பிப் போகும்போது ஜீப்பைத் திருப்ப இடமில்லாமல் மிச்சக் கொள்ளு மேலேயே முன்னும் பின்னும் போனார்கள். அதுவும் சுத்தமாக உதிர்ந்துவிட்டது. சின்னராஜ் ஜீப்பைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

மாப்பிள்ளை கொடுத்த காரை மாமனார் கொள்ளடிக்க விட்டார் என்று ஊரே சிரிக்கிறது. உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அனுமதியில்லாமல் எடுத்தவன்தான் முழுப் பொறுப்பு என்று காரமாக ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அவன் நடுங்க வேண்டும். அவன் இருக்கிற திசையில் இனி நான் தலை வைத்துக்கூடப் படுக்க மாட்டேன்.

மலர்விழிக்கு எங்கள் ஆசிகள். உங்களுக்குக் கோபம் வந்தால் மோர் குடிக்கவும்.

இப்படிக்கு,
தலைகுனிந்த மாமனார்,
பச்சியப்பன்.

பின்குறிப்பு: நோட்டீஸ் வேண்டாம். கவரை ஒட்டுவதற்குள் சின்னராஜ் ஒரு முறம் கொள்ளு கொண்டுவந்து காட்டினான். அடடா! டிராக்டர் ஏறினால் பாதி நசுங்கிவிடும், காரில் ஒன்றுகூட உடையவில்லை. நம் கொள்ளுச் செடியையும் ரோட்டில் பரப்பச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இருவரும் அவசியம் வர வேண்டும். பஸ்ஸில் வந்து சிரமப்பட வேண்டாம், புதுக் காரிலேயே வாருங்கள். அதற்கு டயர் அகலம் என்று சின்னராஜ் சொல்கிறான்.