ஒரு பிடி கூடப் போடுகிறவர்

மனிதரை நல்லவர், கெட்டவர் என்று பிரித்த பெரியவர்கள் ஓர் இனத்தை மறந்தே போனார்கள். அதுதான் ஒரு பிடி கூடப் போடுகிற இனம். அளவை இன்னொருவர் சொல்லிவிட்டால் போதும், இவர்களுக்குக் கை அரிக்கத் தொடங்கிவிடும். வைத்தியர் ஒரு கரண்டி மருந்து என்றால் ஒன்றரைக் கரண்டி. திருகாணியை இறுக்கு என்றால் புரி தேயும்வரை இறுக்கல். வெங்காயத்துக்கு இவ்வளவு யூரியா போதும் என்றால் அதற்கு மேலும் ஒரு பிடி. தாள் செழித்து ஆடும். கிண்டிப் பார்த்தால் கீழே வெங்காயம் இல்லை. பிழை யாருடையது? யூரியாவுடையது!

இந்த இனத்தின் அசல் மாதிரியைப் பார்க்க ஆசையென்றால் அச்சுவேலிக்கு வாருங்கள், கேதீஸ்வரனைக் காட்டுகிறேன். பூச்சாடியும் வாய்க்கால் மூடியும் சீமெந்தில் வார்க்கிற பட்டறை. பெயர்ப்பலகையில் அவர் பெயர், வேலையில் மனைவி வசந்தினியின் மூளை. மயிலிட்டிப் பக்கம் கழித்துப்போட்ட மீன்வலைகளை வாங்கி, கழுவி, விரல் நீளத்துக்கு வெட்டி, மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து, காயவிட்டுக் கலவையில் சேர்ப்பது வசந்தினி பயிற்சிக்குப் போய்க் கற்றுவந்த வித்தை. ஊறினால்தான் வழுக்குகிற நூல் சொரசொரத்துச் சீமெந்தைப் பற்றும். பற்றினால்தான் மூடி பிளக்காது. ஒரு கலவைக்கு ஒரு பிடி நூல். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? கேதீஸ்வரனுக்கு மனம் ஆறவில்லை.

"இஞ்சை பாரும், ஒரு பிடிக்கே இவ்வளவு உறுதி எண்டால், மூண்டு பிடி போட்டால் எப்பிடி இருக்கும்?"

"தேங்காய்ப்பூவை அள்ளிக் கொட்டினால் பிட்டு நிக்குமோ? உதிர்ந்தெல்லோ போகும்."

"பிட்டு வேறை, இது வேறை. உமக்கு விளங்காது."

வசந்தினி தண்ணீர் எடுக்கத் திரும்பினார். கேதீஸ்வரனின் கை நூல் குவியலுக்குப் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்துத்தானா அது நடக்க வேண்டும்? யாழ்ப்பாணத்தில் தகப்பனின் பழைய காணியில் மறுபடி கடை கட்டியிருந்த சுஹைர் நானா, கடைவாசல் வாய்க்காலுக்கு மூடிகள் கேட்டிருந்தார். பட்டறைக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை அது. அவருக்குப் பிடித்துப்போனால் அந்தத் தெருவே தேடி வரும். பிடிக்காவிட்டால், "கிழிஞ்ச வலையிலை கல்லுச் செய்யினமாம்" என்று ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்த ஊர், வசந்தினியைத் தலைநிமிர விடாது.

மூடிகளை அச்சிலிருந்து கழற்றியபோது ஒவ்வொன்றுக்கும் நூலில் தாடி முளைத்திருந்தது. கேதீஸ்வரன் கலங்கவில்லை. தன் சவர அலகை எடுத்துவந்து, முகம் வழிப்பதுபோல ஒவ்வொன்றாக வழித்து, சுஹைர் வருவதற்குள் அழகாக அடுக்கிவிட்டார்.

வாங்க வருகிறவர் முன்னால் இரண்டு கல்லை வைத்து, குறுக்கே மூடியைப் போட்டு, தானே ஏறி நின்று காட்டுவது கேதீஸ்வரனின் வழக்கம். உடம்பும் ஒரு பிடி கூடப் போட்டு வார்த்ததுதான். ஏறினார், கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். டொக்! மூடி நடுவில் பிளந்தது. ஆனால் கீழே விழவில்லை. உள்ளே கிடந்த நூல்களெல்லாம் சேர்ந்து இழுத்துப் பிடிக்க, இரண்டு துண்டுகளுக்கும் நடுவில் கேதீஸ்வரன் தொங்கினார்.

"பாத்தியளோ நானா! உடைஞ்சும் விழேல்லை!"

"அண்ணை, நான் வாய்க்காலுக்கு மூடி கேட்டனான். ஊஞ்சல் கேக்கேல்லை."

வசந்தினிக்கு அவமானத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உடைந்த துண்டைத் தூக்கிப் பார்த்தார். நூல் சிக்குப்பட்டு உருண்டை உருண்டையாகக் கிடந்தது. சீமெந்து நுழைய இடமே இல்லை. "பிழை எங்கடைதான், நானா. கடை திறக்க முன்னம் புது மூடி தாறம்" என்றார். சுஹைர் யோசித்து, "இன்னொருக்கால் பாப்பம். இதுதான் கடைசி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் சண்டை நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? இல்லை. இத்தனை வருடம் குடும்பம் நடத்திய அனுபவம் என்று ஒன்று இருக்கிறதே! மறுநாள் கலவை போடும்போது வசந்தினி சாதாரணமாகச் சொன்னார்:

"இஞ்சருங்கோ, நான்தான் அளவை மாறிச் சொல்லிப்போட்டன். ஒரு பிடி இல்லையாம், அரைப் பிடிதானாம்."

"அரைப் பிடியோ? உது காணாது!"

"காணும். ஒரு நூல்கூட மேலை போடாதேங்கோ" என்றுவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனார். கொஞ்சம் மெதுவாகவே போனார். கேதீஸ்வரன் வாசலைப் பார்த்தார், கிணற்றடியைப் பார்த்தார், பிறகு இன்னோர் அரைப் பிடியை அள்ளி உள்ளே போட்டார்.

மூடிகள் நனைந்து இறுகிய பிறகு சுஹைர் வந்தார். கேதீஸ்வரன் ஏறினார், குதித்தார், போதாதென்று சுஹைரையும் கைபிடித்து ஏற்றினார். மூடி அசையவில்லை. சுஹைர் அவ்வளவையும் அன்றே லொறியில் ஏற்றச் சொன்னார். கேதீஸ்வரன் அவர் காதோடு குனிந்தார்.

"நானா, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. மனிசி சொன்ன அளவுக்கு மேலை நான் கொஞ்சம் போட்டனான். உறுதி அதிலைதான் இருக்கு."

வசந்தினிக்கு அது நன்றாகவே கேட்டது. அவர் அடுத்த அச்சுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இன்று உங்கள் வீட்டில் உப்பு அரைக் கரண்டி என்றார்களா? விருந்தாளிகள் முன்னால் இரண்டு வார்த்தை பேசினால் போதும் என்றார்களா? எல்லா அளவையும் உங்களுக்கு மட்டும் பாதியாகவே சொல்கிறார்கள் என்றால், அது ஏன் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கொஞ்சம் என்றுதான் சொன்னேன்.